கோன் ஃபில்டருக்கு நாமே செய்துகொள்ளும் வெப்பத் தடுப்பு: செலவுக்கேற்ற பலன் உண்டா?

காரோடு வந்த ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுத் திறந்த கோன் ஃபில்டரை (கூம்பு வடிவ ஏர் ஃபில்டர்) மாட்டியிருப்பவர்களுக்காகவே இந்த மதிப்புரை. பெட்டியை அப்படியே வைத்திருப்பவர்கள், ஃபில்டரைச் சுற்றி வெப்பத்தைத் தடுக்க நிறுத்தும் உலோகத் தகட்டை வாங்கக் கிளம்ப வேண்டியதில்லை. அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியே ஒரு வெப்பத் தடுப்புதான். பெரும்பாலான கார்களில் அது கிரில்லுக்குப் பின்னாலிருந்தோ ஹெட்லைட்டின் ஓரத்திலிருந்தோ வெளிக்காற்றைக் குழாய் வழியாக இழுத்துக்கொள்கிறது. அதை எடுத்துவிட்டால், ரேடியேட்டரைக் கடந்து சூடேறி வரும் காற்றுதான் இன்ஜினுக்குக் கிடைக்கும். ஆகவே இந்தத் தகடு பறிபோனதை மீட்டுத் தருமே தவிர, புதிதாகக் குதிரைத்திறன் எதையும் கூட்டித் தராது.

இழப்பின் அளவைக் கணக்கிடுவது எளிது. காற்றின் அடர்த்தி அதன் தனிவெப்பநிலைக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், 40 டிகிரியில் உள்ளே போகவேண்டிய காற்று 60 டிகிரியில் போனால் அதன் நிறை ஏறத்தாழ 6 சதவீதம் குறைகிறது. அதோடு, உள்வரும் காற்று சூடாக இருப்பதை சென்சார் மூலம் அறியும் இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்து இன்ஜின் தட்டுவது) வராமல் இருக்க ஸ்பார்க் நேரத்தையும் சற்றுத் தள்ளிவைக்கிறது. மே மாதத்துச் சென்னையில் ஏசியைப் போட்டுக்கொண்டு சிக்னலில் நின்று கிளம்பும்போது வண்டி இழுக்காமல் முனகுவதற்கு இவ்விரண்டும் சேர்ந்தே காரணம்.

என்னுடைய 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக்குக்கு 1.5 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டைத் தேர்ந்தெடுத்தேன். கடையில் கேட்கும்போது 5052 என்ற ரகத்தைக் கேட்டு வாங்குவது நல்லது. உறுதியானது என்று பலர் பரிந்துரைக்கும் 6061-டி6 ரகத்தைக் கூர்மையாக மடக்கினால் மடிப்பிலேயே விரிசல் விடும். முதலில் பழைய அட்டைப்பெட்டியை வெட்டி, ஃபில்டரைச் சுற்றி நிறுத்தி, பானெட்டை மூடித் திறந்து பார்த்து, அளவு சரியான பிறகே அந்த அட்டையைத் தகட்டின் மேல் வைத்துக் கோடு போட வேண்டும். நேர்கோடுகளை வீட்டிலேயே தகடு வெட்டும் கத்தரியால் வெட்டிவிடலாம். மடிப்புகளை மட்டும் பக்கத்து டிங்கரிங் பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்வதே புத்திசாலித்தனம். கையால் மடக்கிய ஓரம் எவ்வளவு தட்டினாலும் அலை அலையாகத்தான் நிற்கும்.

தகட்டின் வெளிப்பக்கத்தில், இன்ஜினின் சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பார்த்த முகத்தில், அலுமினியப் பூச்சுள்ள கண்ணாடியிழை ஷீட்டை ஒட்டினேன். ஆன்லைனில் வாங்கிய இந்த ஷீட்டின் பளபளப்பிலோ தடிமனிலோ குறை சொல்ல ஒன்றுமில்லை. குறையெல்லாம் பின்பக்கத்துப் பசையில்தான். நெடுந்தூரம் ஓட்டிவிட்டு வந்து பார்த்தபோது மூலைகள் சுருண்டு எழுந்திருந்தன, விரலால் அழுத்தினால் பசை நூல் நூலாக இழுபட்டது. ஓரங்களில் வாஷர் வைத்து ரிவெட் அடித்த பிறகுதான் நின்றது. இவ்வகை ஷீட் கதிர்வீச்சு வெப்பத்தைத் திருப்பியனுப்பும் தன்மையால் வேலை செய்வது. ஆகவே சூடான பாகத்துக்கும் அதற்கும் நடுவே காற்று இடைவெளி இருந்தே ஆக வேண்டும். சூடான உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் பளபளப்பால் பயனில்லை. தகரக் கூரைக்கு அடியில் போடும் வெள்ளிநிறக் குமிழி ஷீட் மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலருக்குத் தோன்றலாம். அதன் உள்ளே இருப்பது சாதாரண பாலிஎத்திலீன், 110 டிகிரி வாக்கில் உருகத் தொடங்கிவிடும். ஆஸ்பெஸ்டாஸ் அட்டையை யோசிக்கவே வேண்டாம்.

இத்தனை வேலையில் எனக்கு அதிகப் பலன் தந்தது தகடும் அல்ல, ஷீட்டும் அல்ல; சென்னையில் கார் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பாட்டர்ஸ் சாலையில் மீட்டர் கணக்கில் வாங்கிய சாதாரண ரப்பர் பீடிங் (விளிம்பில் செருகும் ரப்பர் பட்டை). தகட்டின் மேல்விளிம்பில் அதைச் செருகி, பானெட்டை மூடும்போது அது லேசாக நசுங்கும்படி உயரத்தைச் சரிசெய்தால்தான் தடுப்புக்குள் ஒரு தனி அறை உருவாகிறது. மேலே விரல் நுழையும் சந்து இருந்தாலும் சூடான காற்று அந்த வழியாக வழிந்து வந்துவிடும். பீடிங் முழு அளவில் நசுங்கியிருக்கிறதா என்பதை அறிய, மேல்விளிம்பில் சாக்பீஸைத் தேய்த்து பானெட்டை ஒருமுறை மூடித் திறந்தால் போதும். தடம் விழாத இடம்தான் சந்து.

ஓபிடி ரீடரை (காரின் சென்சார் அளவுகளைப் படிக்கும் கருவி) செருகி போனில் பார்த்தபோது, பீடிங்கும் முன்பக்கத்திலிருந்து தடுப்புக்குள் வெளிக்காற்றைக் கொண்டுவரும் காற்றுக் குழாயும் இல்லாமல் தகடு மட்டும் இருந்த நிலையில், நெரிசலில் உள்வரும் காற்றின் வெப்பநிலை சற்று மெதுவாக ஏறியதே ஒழிய, நிறைய நேரம் நின்றால் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது. இரண்டையும் சேர்த்த பிறகு ஏற்றமும் கட்டுப்பட்டது, வண்டி நகர்ந்ததும் எண் விரைவாக இறங்கவும் செய்தது. நெடுஞ்சாலை வேகத்தில் தகடு இருந்ததற்கும் இல்லாததற்கும் சொல்லும்படியான வேறுபாடு தெரியவில்லை; அங்கே காற்றோட்டமே வேலையைச் செய்துவிடுகிறது. மைலேஜ் கூடும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள், ஏனென்றால் பாதி திறந்த த்ராட்டிலில் குறைகிற காற்றை நம் கால் தானாகவே இன்னும் கொஞ்சம் அழுத்தி ஈடுகட்டிக்கொள்கிறது.

பொருத்துவதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பல கார்களில் ஃபில்டரை ஒட்டியே பேட்டரி இருக்கிறது. அலுமினியம் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவது. அதிர்வில் தளர்ந்த தகடு பாசிட்டிவ் முனையில் பட்டால் ஷார்ட் ஆகித் தீப்பொறி பறக்கும். டெர்மினல் மூடியைத் தவறாமல் போட்டு, தகட்டை ரப்பர் புஷ் வைத்த எம்6 போல்ட்டுகளால் பிடித்து, வயரிங்கை உரசும் விளிம்புகளுக்கெல்லாம் பீடிங் மாட்டிவிட வேண்டும். காற்றுக் குழாயின் வாயை, குளிர்ந்த காற்று கிடைக்கிறதே என்று பம்பருக்குக் கீழே இறக்குவது சென்னைக்கு ஒத்துவராது. வடகிழக்குப் பருவமழையில் தேங்கிய நீரை இன்ஜின் உறிஞ்சினால் கனெக்டிங் ராடு வளைந்து, இன்ஜினையே பிரிக்க வேண்டிய நிலை வரும். கிரில்லின் மேல்பகுதி உயரத்திலேயே அதை நிறுத்திவிடலாம். அங்கே ஓரிரு டிகிரி கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை.