நெஞ்செரிச்சல் ஆபரேஷனுக்கு வெளிநாட்டு பேக்கேஜ்: வாங்கலாமா?

திருச்சியில் ஏறினால் சிங்கப்பூர், கோலாலம்பூர் இரண்டுக்கும் நேரடி விமானம். அங்கே உறவுக்காரர் இல்லாத தெரு டெல்டாவில் குறைவு. அமிலத்தைக் குறைக்கும் பான் மாத்திரையை வருஷக்கணக்காகப் போட்டு அலுத்தவர்களிடம், ஆஸ்பத்திரி, தங்குமிடம், ஆபரேஷன் எல்லாம் சேர்த்து ஒரே தொகை என்று ஏஜெண்டுகள் நீட்டும் பேக்கேஜ் அதனால்தான் சுலபமாக எடுபடுகிறது. ஆபரேஷன் தியேட்டருக்குள் நடப்பதில் குறை சொல்ல அதிகமில்லை. புறப்படும் முன்பும் திரும்பி வந்த பின்பும்தான் பேக்கேஜில் ஓட்டை.

'எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டை வாட்ஸப்பில் அனுப்புங்க, தேதி தர்றோம்' என்று யாராவது சொன்னால் அங்கேயே நின்றுவிடுங்கள். உணவுக்குழாயில் கடுமையான புண் தெரிந்தால் ஒழிய, எண்டோஸ்கோபி மட்டும் போதாது. உணவுக்குழாயில் அமிலம் எவ்வளவு நேரம் ஏறி நிற்கிறது என்று அளக்கும் 24 மணி நேர பி.எச். சோதனை வேண்டும். முதல் முறை நோயை உறுதி செய்வதற்கு, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, சுமார் 7 நாள் மாத்திரையை நிறுத்திவிட்டுச் செய்வார்கள். அமிலம் மேலேறி நிற்கும் நேரம் மொத்த சோதனை நேரத்தில் 6 சதவீதத்தைத் தாண்டினால் ரிஃப்ளக்ஸ், அதாவது அமிலம் மேலேறும் நோய், உறுதி. 4-க்குக் கீழே என்றால் எரிச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் வேறு. கத்தி அதைத் தீர்க்காது.

உணவுக்குழாயின் அழுத்தத்தையும் அசைவையும் அளக்கும் மனோமெட்ரி சோதனையையும் விடக்கூடாது. அக்கலேசியா என்ற நோயில் உணவுக்குழாயின் கீழ் வால்வு திறக்காமல் சாப்பாடு தேங்கி மேலே வரும். பார்ப்பதற்கு ரிஃப்ளக்ஸ் மாதிரியே இருக்கும். ரிஃப்ளக்ஸ் ஆபரேஷன் செய்து அந்த வால்வை இன்னும் இறுக்கினால் தண்ணீர்கூட இறங்காது. இந்த இரண்டு சோதனையும் எல்லா ஊரிலும் இல்லை. சென்னை, வேலூர், கோவை போகவேண்டி வரலாம். அந்தச் செலவு பேக்கேஜ் தொகையில் இருக்காது. இன்னொன்று: மாத்திரையை டிபனுக்கு அப்புறம் போட்டுக்கொண்டே 'கேட்கவில்லை' என்பவர்கள் ஏராளம். சாப்பிடுவதற்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு போட்டுப் பார்த்துவிட்டு மற்றதைப் பேசலாம்.

எந்த ஆபரேஷன் என்று தெளிவாகக் கேளுங்கள். நிஸ்ஸன் என்றால் இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி 360 டிகிரி மடித்துத் தைப்பது. டூபே என்றால் பின்பக்கமாக 270 டிகிரி. உதரவிதானத்தில் ஓட்டை பெரிதாகி இரைப்பை மேலேறியிருந்தால் அதையும் தைத்துவிடுவார்கள். இவை தமிழ்நாட்டிலேயே லேப்ராஸ்கோப்பியில் வழக்கமாக நடப்பவை. இதற்காக விமானம் ஏறுவது மன்னார்குடிக்காரர் நெல் வாங்கக் கேரளா போவது போலத்தான்.

லிங்க்ஸ் என்ற வளையத்தின் கதை வேறு. காந்தம் வைத்த டைட்டானிய மணிகளை வளையமாக வால்வைச் சுற்றிப் பூட்டுகிறார்கள். விழுங்கும்போது விரியும், பிறகு மூடிக்கொள்ளும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2012-ல் அனுமதித்தது. வெளிநாட்டை யோசிக்க ஓரளவு நியாயம் இதற்குத்தான் உண்டு. ஆனால் எம்.ஆர்.ஐ. விஷயத்தை ஏஜெண்டுகள் வாயே திறப்பதில்லை. இப்போது வைக்கும் வளையங்களுக்கு 1.5 டெஸ்லா (ஸ்கேன் மெஷினின் காந்த சக்தி அளவு) வரைதான் அனுமதி, பழைய மாடல்களுக்கு அதுவும் இல்லை. நாளைக்கு முதுகு வலிக்கு ஸ்கேன் எடுக்கப் போகும் இடத்தில் 3 டெஸ்லா மெஷின் இருந்தால் உள்ளே விடமாட்டார்கள், விடவும் கூடாது. எந்த மாடல் வளையம் என்று காட்டும் இம்ப்ளாண்ட் கார்டைக் கையில் வாங்காமல் கிளம்பாதீர்கள்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் பேக்கேஜின் தரம் பளிச்சென்று தெரியும். நிஸ்ஸன் செய்தவருக்கு முதல் ஓரிரு வாரம் கஞ்சி, வடிகட்டிய ரசம் மாதிரி நீர் ஆகாரம்; அடுத்து நாலைந்து வாரம் குழைந்த சாதம், சாம்பாரில் ஊறிய இட்லி. புரோட்டா, உதிரிச் சாதம், கறித்துண்டு, சோடா எதுவும் கூடாது. லிங்க்ஸுக்கு நேர் எதிர்: சீக்கிரமே கெட்டி உணவு, விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு தடவை சில ஸ்பூன். வளையத்தைச் சுற்றித் தழும்பு இறுகிவிடாமல் அது அசைந்துகொண்டே இருக்கவேண்டும். இருவருக்கும் ஒரே டயட் தாளை நீட்டுகிற இடமா? ஒதுங்கிவிடுங்கள்.

திரும்பும் டிக்கெட்டை மாற்றக்கூடியதாகப் போடுங்கள். ஆரம்ப நாட்களில் பலமாகக் குமட்டினால் தையல் பிரிந்து மடிப்பு மேலே நழுவ வாய்ப்பு உண்டு. விமானத்துக்கு வாந்தித் தடுப்பு மாத்திரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விழுங்கச் சிரமம் முதல் சில வாரம் இயல்பு. மாதக்கணக்கில் நீடித்தால் பலூன் வைத்து விரிவாக்க வேண்டியிருக்கும். வேறொருவர் செய்த ஆபரேஷனைத் தொட இங்குள்ள டாக்டர்கள் தயங்குவார்கள். எனவே தஞ்சாவூரிலோ திருச்சியிலோ ஒரு குடல் மருத்துவரிடம் போகும் முன்பே பேசி வையுங்கள். வரும்போது ஆபரேஷன் குறிப்பு, வீடியோ இரண்டையும் கொண்டு வாருங்கள்.

உள்ளூர் மெடிக்ளெய்ம் பாலிசிகள் பெரும்பாலும் வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பணம் தராது. அட்வான்ஸ் கட்டும் முன் எழுத்தில் வாங்கவேண்டியது ஒன்று: விரிவாக்கமோ, மறு ஆபரேஷனோ, வளையத்தைக் கழற்றுவதோ தேவைப்பட்டால் அந்தச் செலவு யாருடையது, எத்தனை மாதம் வரை.