ஆபீசர் வரும் நாளா, வயலில் கூடும் நாளா?

ஆராய்ச்சி நிலையத்தில் கண்டதை வரப்புக்குக் கொண்டுசேர்க்க வளரும் நாடுகள் பெரிய அளவில் முயன்று பார்த்த வழிகளில் இரண்டைப் பார்ப்போம். ஒன்று, வேளாண் விரிவாக்க வல்லுநர் டேனியல் பெனோர் வகுத்து, 1970களிலிருந்து உலக வங்கி கடன் கொடுத்துப் பரப்பிய ‘பயிற்சியும் பார்வையிடலும்’ முறை. மற்றது, 1989இல் இந்தோனேசியாவில் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பான எஃப்.ஏ.ஓ. துணையுடன் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளி.

முன்னதன் பலம் ஒழுங்கு. வேளாண் ஊழியர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வல்லுநரிடம் பயிற்சி எடுத்து, குறித்த கிழமையில் குறித்த ஊருக்குப் போவார். உரம் விற்பதும் கடன் வசூலிப்பதும் அவர் வேலை இல்லை. அதற்கு முன்பு எல்லா இலாகாவுக்கும் எடுபிடியாக இருந்தவருக்கு இது பெரிய விடுதலை. ஆனால் அவர் முறையாகச் சந்திப்பது ஏறக்குறைய பத்தில் ஒருவரான ‘தொடர்பு விவசாயி’யை மட்டும். மீதிப் பேருக்கு அந்த விவசாயிதான் சொல்ல வேண்டும். பல ஊர்களில் வசதியுள்ளவரே அந்த இடத்துக்கு வந்தார். அவர் சொன்னதும் போதாது. மானாவாரி நிலத்தில் காட்டுக்குக் காடு மண் மாறும்போது ஒரே பரிந்துரை எப்படிப் பொருந்தும்? கடன் முடிந்த பல நாடுகளில் பயணப்படியும் நின்றது, வருகையும் நின்றது.

வயல்வெளிப் பள்ளி பிறந்த காரணம், நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி. மருந்து அடித்தால் புகையானைத் தின்னும் சிலந்தி சாகும். இலையுறைக்குள் இருக்கும் புகையான் முட்டை தப்பிக்கும். அடுத்த தலைமுறை தடையின்றிப் பெருகும். இந்தோனேசிய அரசே 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்யும் அளவுக்குப் போனது. எப்போது அடிக்கக் கூடாது என்பதை ஒரு வரிச் செய்தியாக ஊருக்கு அனுப்ப முடியாது. அதனால் பள்ளியில் இருபத்தைந்து விவசாயிகள் வாரம் ஒருநாள் காலை, ஒரு பருவம் முழுக்க வயலில் இறங்கி, தூரைப் பிரித்து, பூச்சியையும் சிலந்தியையும் எண்ணி, படம் வரைந்து, தாங்களே முடிவெடுத்தார்கள்.

இதன் குறை, அதிகச் செலவும் குறைந்த பரவலும். ஃபெடர் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் இந்தோனேசியாவைப் பற்றி 2004இல் வெளியிட்ட ஆய்வு, இந்தப் பள்ளியில் படித்தவர்களிடமே விளைச்சலிலும் மருந்துக் குறைப்பிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை என்றது. பிற ஆய்வுகள் மருந்து குறைந்ததாகச் சொல்கின்றன, சண்டை ஓயவில்லை.

புது ரகம், விதை நேர்த்தி போன்ற நேரடிச் செய்திக்குப் பழைய முறையே போதும், மலிவும்கூட. பூச்சி என்றால் என் ஓட்டு பள்ளிக்கு. ஆனால் வயலில் எழும் கேள்வி ஆராய்ச்சியாளரிடம் போய்ச் சேரும் பாதை இரண்டிலும் ஒல்லிதான். முதல் முறையில் அதற்கென்றே மாதக் கூட்டம் இருந்தது. பெரும்பாலும் மேலிருந்து கீழேதான் பேச்சு. பள்ளியில் அந்தக் கூட்டமும் கிடையாது.