9 கொழு விதைப்புக் கருவி: கரிசல் மானாவாரிக்கு எடுபடுமா?

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசிப் புழுதியிலேயே விதைத்துவிடுவார்கள். டிராக்டரில் மாட்டும் 9 கொழு விதைப்புக் கருவி அந்த விதைப்புக்குத் தோதானது. விதை மிச்சமாகும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அதைவிடப் பெரிய லாபம் ஆழத்தில் இருக்கிறது. கையால் தூவி உழுதால் ஒரு விதை மேலாகக் கிடக்கும், இன்னொன்று அரைச் சாண் கீழே போய்விடும். மேலே கிடப்பது முதல் தூறலில் முளைத்து அடுத்த வெயிலில் கருகும். கொழுவை 5 செ.மீ. ஆழத்துக்கு வைத்தால், அதுவரை நனைகிற மழை பெய்த பிறகுதான் முளைக்கும். மறு உழவு, மறு விதை, மறு வாடகை என்று குடும்பத்தைக் கடனில் தள்ளுகிற செலவு இதனால் பெரும்பாலும் தப்பும்.

வயலில் இறக்குமுன் விதை அளவைப் பார்த்துவிடுங்கள். பெட்டியில் விதை போட்டு, ஒவ்வொரு குழாய் வாயிலும் பை கட்டி, தரையில் உருண்டு விதையை விழவைக்கும் தரைச் சக்கரத்தைத் தூக்கி வைத்து 20 சுற்று சுற்றுங்கள். சக்கரத்தின் விட்டம் 40 செ.மீ., வரிசை இடைவெளி 30 செ.மீ. என்றால் இது சுமார் 68 சதுர மீட்டர் விதைத்ததற்குச் சமம். ஏக்கருக்கு 8 கிலோ உளுந்து என்ற கணக்கில் மொத்தம் 134 கிராம், பைக்கு 15 கிராம் விழ வேண்டும். ஒரு பையில் 10, இன்னொன்றில் 20 என்றால் பள்ளங்களில் விதையை அள்ளிக் குழாயில் விடும் ரோலரின் திறப்பைச் சரிசெய்யாமல் ஓட்டாதீர்கள். பொலபொலப்பான புழுதியில் சக்கரம் வழுக்கும். வழுக்கிய தூரத்துக்கு விதை விழாது. அதனால் முதல் சாலிலேயே மண்ணை விலக்கிப் பாருங்கள்.

உளுந்து, பாசி, சோளத்துக்கு நம்பி வாங்கலாம். சோளத்துக்கு மட்டும் கொழுக்களை 45 செ.மீ. இடைவெளிக்கு நகர்த்த வேண்டும். கொழுக்களை மாட்டும் இரும்புச் சட்டத்தில் அப்போது 9 கொழுவுக்கும் இடமிருக்காது. கம்புக்கு அந்த ரோலர் பள்ளம் பெரிது, விதை கூடுதலாக விழுந்துவிடும். ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரம் கலந்த விதையை நிழலில் அரை மணி நேரம் உலர்த்தாவிட்டால் பெட்டியிலேயே ஒட்டிக்கொள்ளும்.

அதிகம் தொல்லை தருவது குழாய் அடைப்பு. வண்டியை நிறுத்திக்கொண்டு கொழுவை இறக்கினாலும், இறக்கியபடி பின்னால் எடுத்தாலும் மண் ஏறிக்கொள்ளும். ஈரக் கரிசல் என்றால் கேட்கவே வேண்டாம். ஓட்டுநருக்குத் தெரியாது, முளைக்கும்போதுதான் ஒரு வரிசை முழுக்க வெறுமையாகத் தெரியும். பின்னால் ஒரு ஆள் நடந்துவருவது நல்லது.

ஊர் முழுக்க அதே பத்து நாளில்தான் கருவியைக் கேட்கும், மற்ற நாளெல்லாம் கொட்டகையில் கிடக்கும். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள் தனியாக வாங்குவதைவிட நாலைந்து பேர் சேர்ந்து வாங்கலாம், அல்லது வாடகைக்கு எடுக்கலாம். வாங்குவோர் வேளாண்மைப் பொறியியல் துறையில் மானியம் கேளுங்கள்.

வேலை முடிந்த அன்றே கருவியில் உள்ள உரப்பெட்டியைக் காலி செய்து கழுவிக் காயவையுங்கள். டிஏபி உரம் ஈரம் இழுத்துக் கட்டியாகி, தகட்டைத் துருப்பிடிக்க வைத்துவிடும்.