ஃப்ரைபுர்க்கில் அறை தேடுகிறீர்களா? சாவி கூரியரில் வராது

அக்டோபரில் ஜெர்மனிக்கு, அதிலும் ஃப்ரைபுர்க்குக்குப் படிக்க வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் அட்வான்ஸ் அனுப்புங்கள். எனக்கு இந்தப் பாடத்துக்கு 1,440 யூரோ ஆனது.

போன வருடம் அட்மிஷன் கிடைத்துவிட்டது, விசாவும் வந்துவிட்டது, தங்க இடம் மட்டும் இல்லை. மாணவர் விடுதியில் காத்திருப்போர் பட்டியல். அப்போதுதான் இணையத்தில் ஓர் அறை கண்ணில் பட்டது. வீரே பகுதியில், எல்லாம் சேர்த்து மாதம் 480 யூரோ. படத்தில் ஜன்னலுக்கு வெளியே பச்சைப் பசேலென்று திராட்சைத் தோட்டம். பழைய ஊரை ஒட்டிய ஷ்லோஸ்பெர்க் குன்றிலேயே திராட்சை பயிராகிற ஊர் என்பதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

'வீட்டுக்காரர்' தான் ஸ்பெயினில் வேலையில் இருப்பதாகச் சொன்னார். முதல் மாத வாடகையும் இரண்டு மாத அட்வான்ஸும் போட்டால் சாவி கூரியரில் வருமாம், அறை பிடிக்காவிட்டால் பணம் வாபஸாம். பாஸ்போர்ட் நகல், ஜெர்மன் மொழியில் ஒப்பந்தம், எல்லாம் அனுப்பினார். வங்கிக் கணக்கு எண் மட்டும் ஜெர்மனிக்குரிய 'டிஇ' எழுத்துகளில் தொடங்கவில்லை. ஸ்பெயினில் இருப்பவர்தானே என்று அவருக்காக நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு வைக்கிற ப்ளாக்டு அக்கவுண்டிலிருந்து மாதாமாதம்தான் பணம் வெளியே வரும் என்பதால் இதை அப்பா தனியாகப் புரட்டிக் கொடுத்தார்.

சாவி வரவில்லை. நேரில் வாங்கிக்கொள்ளலாம் என்று வந்து இறங்கினேன். தெருவோரம் ஓடுகிற சின்ன வாய்க்காலில், இங்கே பெஹ்லே என்பார்கள், பெட்டியோடு காலை விட்டேன். தெரியாமல் அதில் கால் வைத்தவர் இந்த ஊர்க்காரரைத்தான் கட்டிக்கொள்வார் என்று ஒரு நம்பிக்கை உண்டு. எனக்குக் கல்யாணம் எதுவும் நடக்கவில்லை, தலையில் மிளகாய்தான் அரைக்கப்பட்டிருந்தது.

வாசலில் அழைப்பு மணிப் பலகை. ஆறு பெயர்கள், அவர் பெயர் இல்லை. கீழ்வீட்டு மணியை அடித்தேன். வந்த பாட்டி முதலில் பெட்டியைப் பார்த்தார், அப்புறம் என் முகத்தை. ஒன்றும் கேட்காமல் கட்டைவிரலில் தொடங்கி மூன்று விரல்களை நீட்டினார். அந்தக் கோடையில் அந்த வாசலுக்குப் பெட்டியோடு வந்த மூன்றாவது ஆள் நான்.

போலீஸில் புகார் எழுதிக்கொண்டார்கள். பணம் போன இடம் தெரியவில்லை. மூன்று வாரம் ஒரு சீனியர் அண்ணன் அறையில் தரையில் படுத்தேன். 1457-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இது. அதன் சுவரில் தங்க எழுத்தில் 'சத்தியம் உங்களை விடுதலையாக்கும்' என்று இருக்கிறது. அந்த வாரங்களில் அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

பிறகுதான் தெரிந்தது, அட்வான்ஸை மூன்று மாதத் தவணையாகக் கட்ட இங்கே சட்டமே இடம் கொடுக்கிறது. முதல் தவணையையும் வாடகைக் காலம் தொடங்கும்போது கொடுத்தால் போதும். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் ஆன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு, செய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று வேண்டும். 'அது தருவீர்களா, வீடியோ காலில் அறையைக் காட்டுவீர்களா' என்று முதலிலேயே கேளுங்கள். நான் கேட்டிருந்தால் என் ஆள் அன்றைக்கே காணாமல் போயிருப்பார்.

யாருக்காவது ஃப்ரைபுர்க் முகவரி கிடைத்து மனசுக்குள் உறுத்தினால் எனக்கு அனுப்புங்கள். சனிக்கிழமை சைக்கிளில் போய் மணிப் பலகையைப் பார்த்துச் சொல்கிறேன்.