'கிரீப்' பாடலைக் கிட்டாரில் கற்றுத்தரும் ஒரு காணொளிப் பாடம்

ரேடியோஹெட் என்ற ஆங்கில ராக் இசைக்குழு 1992இல் வெளியிட்ட 'கிரீப்' பாடலைக் கிட்டாரில் வாசிக்கக் கற்றுத்தரும் கட்டணக் காணொளிப் பாடம் ஒன்றை வாங்கி, ஆறு வாரங்கள் அதை வைத்துப் பயிற்சி செய்தேன். ஜி, பி, சி, சி மைனர் என்ற நான்கே கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரத் தொகுப்புகள்) பாடல் முழுவதும் அதே வரிசையில் சுழன்று வருவதால் பலரும் இதை எளிது என்று எண்ணிவிடுகிறார்கள்; ஆனால் இந்தப் பாடம் நான்கையும் பார் கார்டுகளாகவே, அதாவது ஆட்காட்டி விரலைப் பல தந்திகளின் குறுக்கே வைத்து அழுத்தியே, பிடிக்கச் சொல்வதால், அந்த விரலுக்குப் பாடல் முடியும்வரை ஓய்வே இல்லை.

கார்டுகளை மனப்பாடம் செய்யச் சொல்லாமல், முதலில் (மிக மெல்லிய தந்தியிலிருந்து எண்ணினால்) இரண்டாம் தந்தியை மட்டும் கவனிக்கச் சொல்வதுதான் இந்தப் பாடத்தின் பெரும் சிறப்பு. அந்தத் தந்தியில் ஜிக்கு 3ஆம் ஃபிரெட் (கிட்டாரின் கழுத்தில் குறுக்காக உள்ள உலோகப் பட்டி), பிக்கு 4, சிக்கு 5, சி மைனருக்கு மறுபடியும் 4 என்று ஸ்வரம் அரைப்படி அரைப்படியாக ஏறி, அதே வழியில் இறங்குகிறது. மற்ற தந்திகளைத் தொடாமல் இதை மட்டும் மீட்டிக் கேட்டபோது, பாடலின் ஏக்கம் எங்கே குடியிருக்கிறது என்பதைக் காதாலேயே உணர்ந்தேன். சியிலிருந்து சி மைனருக்குப் போகும்போது அந்த ஒரு ஸ்வரம்தான் மாறுகிறது என்றாலும், விரல்களின் அமைப்பே மாறிவிடுவதால் அங்கேதான் என் தாளம் நாள்தோறும் தடுமாறியது. தாளம் காட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடிகளில் வைத்து இந்த இரண்டு கார்டுகளை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்து, பிறகு சிறிது சிறிதாகப் பாடலின் வேகமான 92 வரை கொண்டு சென்ற ஆசிரியரின் பொறுமைக்கு நன்றி சொல்ல வேண்டும்.

குறைகளும் உண்டு. பல்லவிக்குச் சற்று முன் குழுவின் கிட்டார் கலைஞர் ஜானி கிரீன்வுட் தந்திகளை அடக்கிப்பிடித்து, டிஸ்டார்ஷன் என்ற கரகரப்பான ஒலியுடன் ஓங்கி அடிக்கும் அந்த வெட்டொலிகள் இல்லாமல் இந்தப் பாடல் இல்லை. அதற்கு ஒரு நிமிடம்கூட ஒதுக்கப்படவில்லை. இடது கை விரல்களைத் தந்தியிலிருந்து எடுத்துவிடாமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்த வேண்டும் என்பதை நானே தடவித் தடவித்தான் கண்டுபிடித்தேன். எந்தத் தந்தியில் எந்த ஃபிரெட் என்று எண்களால் காட்டும், பாடத்துடன் வரும் டேப் தாளில் சி மைனருக்கும் சிக்கும் ஒரே எண்கள் அச்சாகியிருப்பது அதைவிடப் பெரிய பிழை, ஏனெனில் அதை நம்பி வாசிப்பவருக்கு அந்த இறக்கமே கிடைக்காது.

பார் கார்டுகள் ஓரளவு தெளிவாக ஒலிக்கும் நிலைக்கு வந்தவர்கள், டேப் தாளை ஒதுக்கிவிட்டுக் காணொளியை மட்டும் நம்பி இதை வாங்கலாம்; பார் கார்டுகளில் பலரும் முதலில் பழகும் எஃப் கார்டே இன்னும் கைக்கு வராதவர்கள் சில மாதங்கள் பொறுத்திருப்பது நல்லது.