தைராய்டு கட்டி ரிசல்ட் வரும்வரை: தேடுவதா, சொல்வதா, சும்மா இருப்பதா?

கழுத்தில் கட்டி, ஸ்கேனில் 'நாட்யூல்' என்று வந்துவிட்டது, எஃப்.என்.ஏ.சி. ஊசியும் போட்டாகிவிட்டது, "ரிப்போர்ட் வர சில நாள் ஆகும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தோளுக்கடியில் தலையணை வைத்துக் கழுத்தைப் பின்னால் சாய்த்து, "எச்சில் விழுங்காதீங்க, அவ்வளவுதான், முடிஞ்சிருச்சு" என்று சொல்லிச் சொல்லியே மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து பரிசோதனைக்குக் கொஞ்சம் செல்களை எடுத்துவிடுகிறார்கள், அதுதான் எஃப்.என்.ஏ.சி., சில நிமிஷ வேலை. அதற்குப் பிறகு வருகிற நாட்கள்தான் ஆளைக் கொல்கின்றன. அந்த நாட்களைத் தள்ளுவதற்கு நம் ஆட்கள் போகிற வழிகள் எனக்குத் தெரிந்து நாலைந்துதான். நானும் இந்தக் காத்திருப்பில் இருந்தவள், என் அக்காவுக்கும் துணைக்குப் போனவள். எது எப்படி என்று பார்த்துவிடலாம்.

முதலில் கூகுளா, டாக்டரா. கூகுளுக்கு ஒரு பெரிய வசதி, நடுராத்திரி இரண்டு மணிக்கும் அது பதில் சொல்லும். ஆனால் அந்தப் பதிலில் நிம்மதி பத்து நிமிஷம்கூட நிற்பதில்லை, ஒரு பக்கத்தில் 'பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை' என்று படித்ததும் மனசு உடனே 'அந்தப் பெரும்பாலும்-இல் நான் இல்லாவிட்டால்?' என்று அடுத்த தேடலுக்குப் போய்விடும், விடியும்போது கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்து அந்த இடமே வலிக்க ஆரம்பித்திருக்கும். டாக்டரிடம் அந்த வசதி கிடையாது, ஓ.பி.யில் மூன்று நிமிஷம் கிடைத்தால் பெரிது. ஆனால் உங்கள் ஸ்கேனைக் கண்ணால் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அதனால் என் ஓட்டு டாக்டருக்கே, ஒரு துண்டுச் சீட்டில் மூன்று கேள்வி எழுதிக்கொண்டு போனால் அந்த மூன்று நிமிஷம் போதும். ஸ்கேனில் டைராட்ஸ் எண் (கட்டி எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்று காட்டும் எண்) எத்தனை? ரிப்போர்ட் என்றைக்கு வரும், யார் எனக்கு விளக்கிச் சொல்வார்கள்? அதற்குள் என்ன ஆனால் நான் உடனே வரவேண்டும்? மூச்சுத் திணறல், குரல் மாறுவது, ஊசி போட்ட இடம் வேகமாக வீங்குவது மாதிரி எதுவும் வந்தால் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது.

அதற்காக எதையுமே படிக்காதே என்று நான் சொல்லமாட்டேன். பகலில் ஒரே ஒரு தடவை, நல்ல இடத்தில் படித்துவிட்டு மூடிவைத்துவிடலாம். அதில் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான்: அல்ட்ராசவுண்டில் உற்றுப் பார்த்தால் பெரியவர்களில் பாதிப் பேருக்குக்கூடத் தைராய்டில் ஏதாவது ஒரு சின்ன நாட்யூல் தெரியலாம், பெண்களுக்கும் வயது கூடியவர்களுக்கும் இன்னும் அதிகம். நாட்யூல்களில் புற்றுநோயாக இருப்பது நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான். அப்படி இருந்தாலும் அதில் மிக அதிகமாக வருவது பாப்பிலரி என்ற வகை, அது பெரும்பாலும் மெதுவாக வளர்வது, நன்றாகக் குணமாவது. ஜப்பானில் கோபே நகரத்துக் குமா மருத்துவமனையில் 1993-லிருந்தே, ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட, ஆபத்துக் குறைந்த பாப்பிலரி கட்டிகளை உடனே அறுக்காமல் ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தே வருகிறார்கள். தென்கொரியாவில் நிறையப் பேருக்கு ஸ்கேன் எடுக்கப் போய், 2011-இல் தைராய்டு புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்ட விகிதம் 1993-இல் இருந்ததைப்போல 15 மடங்கு ஆகிவிட்டது, ஆனால் அதனால் இறந்தவர்களின் விகிதம் ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது. தேடத் தேட, ஒன்றும் செய்யாமல் கிடந்த சின்னக் கட்டிகளெல்லாம் அகப்பட்டன என்று அர்த்தம். இந்த அளவுக்குத் தெரிந்தால் மனசு கொஞ்சம் அடங்கும், இதற்கு மேல் தேடினால் அடங்காது.

அடுத்தது, வீட்டில் சொல்வதா மறைப்பதா. இதில்தான் நம் வீடுகளில் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். மறைத்தால், சாப்பாட்டு மேஜையில் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும், போன் அடிக்கும்போதெல்லாம் எழுந்து வெளியே போகவேண்டும், பயத்தோடு இந்த நடிப்பையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். எல்லோரிடமும் சொன்னால் அது வேறு கஷ்டம். அம்மா அழ ஆரம்பிப்பார், நீங்கள் அவருக்கு ஆறுதல் சொல்லவேண்டும், சித்தி போன் செய்து "எங்க ஓரகத்தி அண்ணிக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்பார், யாராவது ஒருவர் "ஊசி குத்தினா பரவிடும்னு சொல்வாங்களே, ஏன் குத்தவிட்டே?" என்று நிச்சயம் கேட்பார். தைராய்டில் எஃப்.என்.ஏ.சி. ஊசியால் அப்படிப் பரவுவது மிக மிக அரிது, இந்தப் பேச்சைக் கேட்டுப் பரிசோதனையையே தள்ளிப்போடுகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நான் எடுத்தது நடுவழி: ஒரே ஒரு ஆள். அந்த ஆள் மிக நெருக்கமானவராக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை, பதறாதவராக இருந்தால் போதும். என் அக்கா கணவரிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னாள், "நீ ஒண்ணும் சொல்லவேண்டாம்டி, கூட வா போதும்" என்றாள். ரிசல்ட் வந்தபிறகு எல்லோருக்கும் சொல்லிக்கொள்ளலாம், அப்போது சொல்வதற்கு ஒரு உருப்படியான விஷயமும் கையில் இருக்கும்.

ரத்தப் பரிசோதனையை வேறு லேப்பில் இன்னொரு தடவை பார்ப்பது என்ற வழி ஒன்று இருக்கிறது. பதற்றத்தில் செய்யும் காரியம் அது, எனக்கு அதில் உடன்பாடில்லை. டி.எஸ்.ஹெச். (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்) காலையில் ஒன்று காட்டும், மதியம் கொஞ்சம் குறைத்துக் காட்டும், லேப்புக்கு லேப் கருவியும் மாறும், அதனால் 3.1 என்பது 3.8 ஆனால் கட்டி வளர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரிசல்ட்டே தப்பாக வரலாம், ரத்தம் கொடுப்பதற்கு முன் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், கட்டி புற்றுநோயா இல்லையா என்பதை டி.எஸ்.ஹெச். சொல்லாது. தைராய்டு புற்றுநோய் இருக்கும் பலருக்கும் அது நார்மலாகத்தான் இருக்கும்.

சரி, லீவு போட்டு வீட்டில் இருப்பதா, வேலைக்குப் போவதா? வீட்டில் படுத்தால் உடம்புக்கு ஓய்வு, மனசுக்குக் கிடையாது. வேலைக்குப் போனால் நாள் நகரும், ஆனால் 'நினைக்கவே கூடாது' என்று அழுத்தி வைத்தது சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் மொத்தமாகக் கிளம்பிவிடும். கலிபோர்னியாவில் வழக்கறிஞர் தேர்வு எழுதிவிட்டு நாலு மாதம் ரிசல்ட்டுக்குக் காத்திருந்தவர்களை வைத்து உளவியலாளர் கேட் ஸ்வீனி ஆராய்ந்து பார்த்திருக்கிறார். கவலையை அடக்கப் பார்த்தவர்களுக்கும், நல்லதே நடக்கும் என்று வலிந்து நம்பப் பார்த்தவர்களுக்கும் கவலை குறையவில்லை. கவலைப்பட்டே காத்திருந்தவர்கள் கெட்ட ரிசல்ட் வந்தபோது அதை இன்னும் நன்றாகவே எதிர்கொண்டார்கள். எனக்கு இது பெரிய ஆறுதல், 'பாஸிட்டிவா இரு' என்று சொல்கிறவர்களிடம் இனி தலையாட்ட வேண்டியதில்லை. அதனால் நான் சொல்வது வேலைக்குப் போங்கள், அதோடு கவலைக்கென்று ஒரு நேரம் ஒதுக்குங்கள். தாமஸ் போர்க்கோவெக் என்ற உளவியலாளர் 1983-லேயே சொன்ன முறை இது. தினமும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் அரைமணி உட்கார்ந்து மனசாரக் கவலைப்படுவது, மற்ற நேரத்தில் வந்தால் 'ஆறு மணிக்குப் பார்த்துக்கலாம்' என்று தள்ளிவைப்பது. மீதி நேரத்துக்குக் கை முழுகுகிற வேலை வேண்டும், டி.வி. போதாது. பிளவுஸ் தைப்பது, முறுக்கு சுற்றுவது, கணக்கு நோட்டைச் சரிபார்ப்பது மாதிரி, கொஞ்சம் கவனம் தவறினாலும் கெட்டுப்போகிற வேலை.

இதையெல்லாம் செய்தும் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, கை நடுங்குகிறது, எடை குறைகிறது என்றால் அதை வெறும் பயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள், தைராய்டு அதிகமாகச் சுரந்தாலே இதெல்லாம் வரும், அதற்கு மருந்து உண்டு. தூக்கமே இல்லை, மனசு தாங்கவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசலாம், அரசு நடத்துவது, இலவசம், தமிழிலும் பேசுவார்கள்.

கடைசியாக, ரிப்போர்ட்டை யார் முதலில் திறப்பது. இப்போது வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். வந்து விழுந்துவிடுகிறது, பெரும்பாலும் டாக்டர் கிளம்பிப்போன பிறகு. உடனே திறந்தால் காத்திருப்பு முடியும் என்று தோன்றும். ஆனால் அதில் 'ஆமாம்', 'இல்லை' என்று இரண்டு பதில் இருக்காது, ஊசியில் எடுத்த செல்களை வகைப்படுத்தும் பெதஸ்டா முறைப்படி ஆறு வகை இருக்கும். 2 என்றால் தீங்கற்றது, பெரும்பாலானவர்களுக்கு வருவது அதுதான். 6 என்றால் புற்றுநோய். 1 என்றால் சாம்பிள் போதவில்லை, 3 என்றால் தெளிவாகச் சொல்லமுடியவில்லை. நல்லதுக்கும் கெட்டதுக்கும் மனசைத் தயார் செய்துவைத்தவர்கள் இந்த 1-ஐயும் 3-ஐயும் பார்த்துத்தான் ஆடிப்போகிறார்கள். அதனால் ரிப்போர்ட் வரும் தேதிக்கு மறுநாள் காலைக்கே டாக்டர் அப்பாயின்ட்மென்ட் வாங்கிவையுங்கள், அந்த ஒரு ஆளைக் கூட அழைத்துப் போய் அங்கேயே திறங்கள். இரவு முழுக்க திறக்காமல் இருக்கவே முடியாது என்கிறவர்கள், அந்த ஆள் பக்கத்தில் இருக்கும்போது எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடலாம். 1 என்று வந்தால் பெரும்பாலும் திரும்ப ஊசி போடச் சொல்வார்கள், 3 என்று வந்தாலும் அப்படிச் சொல்லலாம், அல்லது இடைவெளி விட்டு ஸ்கேன் பார்க்கலாம் என்பார்கள். எதுவானாலும், டாக்டர் அறையிலிருந்து எழுவதற்கு முன்பே அதற்கான தேதியைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.