மாசி மாதத்தில் ராஜமலை வரையாடு காட்டுகிறேன் என்று முன்பணம் கேட்டால்

மன்னார்குடியிலிருந்து எழுதுகிறேன். போன வாரம் பதினான்கு பேர் மூணாறு போனோம். எதைப் பார்க்கப் போனோமோ அதைப் பார்க்காமலே திரும்பினோம். தலைக்கு 6,500 ரூபாய் பேசி, முன்பணம் 56,000 ரூபாயை எல்லோரிடமும் வாங்கி ஜிபேயில் அனுப்பியவள் நான். அதனால் இதை எழுத வேண்டியதும் நான்தான்.

அப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். முப்பத்திரண்டு வருஷம் குறிஞ்சித் திணை நடத்தியவர். சங்கப் பாட்டில் வருகிற வருடைதான் இன்றைக்கு நாம் வரையாடு என்கிறோம் என்று கரும்பலகையில் கொம்பு வளைத்துப் படம் போட்டுக் காட்டுவார். ஆனால் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. நம் பக்கத்தில் கோபுரத்தை விட்டால் அண்ணாந்து பார்க்க வேறு என்ன இருக்கிறது? எழுபத்தொரு வயதாகிவிட்டது, முழங்கால் ஒத்துழைக்கும்போதே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றார்.

பொங்கல் முடிந்த கையோடு வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது. 'இரவிகுளம் தேசியப் பூங்கா, மூன்று நாள், பிப்ரவரி 20.' ராஜமலை இந்தப் பூங்காவுக்குள்தான் இருக்கிறது. மலை முழுக்க நீலக்குறிஞ்சி, பாறை மேல் ஒரு வரையாடு, கீழே 'ஆனைமுடி உச்சிக்கு மலையேற்றம், வனத்துறை ஸ்பெஷல் பர்மிஷனுடன்' என்று ஒரு வரி. அனுப்பியவரை எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருஷம் முன்பு நவக்கிரகக் கோயில்களுக்கு எங்களை வேன் வைத்து அழைத்துப் போனவர். ஒரு குறை சொல்ல முடியாது. சூரியனார்கோயிலில் நடை சாத்தும் நேரம் முதற்கொண்டு மனப்பாடமாகச் சொன்னார். அந்த நம்பிக்கையில்தான் நான் எதையுமே விசாரிக்கவில்லை.

தேதியும் எங்களுக்குத் தோதாக இருந்தது. சம்பா அறுவடை முடிந்து, நெல் போட்டு, கையில் நாலு காசு இருக்கிற நேரம். வயலில் உளுந்து பனியிலேயே வளர்ந்துகொண்டிருக்கும், தண்ணீர் பாய்ச்சக்கூட ஆள் வேண்டாம். டெல்டாக்காரன் வீட்டை விட்டு நிம்மதியாகக் கிளம்பக்கூடிய மாதம் தை, மாசிதான். ஆனால் வரையாடு குட்டி போடுவதும் அதே சமயத்தில்தான். வருஷா வருஷம் பிப்ரவரி வாக்கில் இரவிகுளத்தை மூடிவிட்டு மார்ச் முடிந்துதான் திறப்பார்கள். தேதி மட்டும் கொஞ்சம் முன்பின் ஆகும், அதையும் அந்தந்த வருஷம் அறிவித்துவிடுவார்கள். இது மூணாறில் டீக்கடையில் நிற்கிறவருக்குக்கூடத் தெரியும். எங்களுக்குத்தான் தெரியவில்லை.

திண்டுக்கல், தேனி வழியாகப் போய் விடியும்போது போடிமெட்டு ஏறினோம். பதினேழு கொண்டை ஊசி வளைவு. அப்பா ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவே இல்லை. சோதனைச் சாவடியில் வண்டியை ஓரங்கட்டிய டிரைவர், கேரளா பர்மிட்டுக்குத் தனியாகப் பணம் வேண்டும் என்றார். 'எல்லாம் சேர்த்துத்தான்' என்று சொன்ன மனிதருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. கொடுத்தோம். மூணாறு டவுனில் அறை என்று சொன்னதும் இல்லை, மலையடிவாரத்தில் எங்கோ ஒரு வீட்டில் தங்க வைத்தார்கள். அது போகட்டும்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மறையூர் சாலையில் பூங்கா வாசலில் இறங்கினோம். அப்பா வேட்டிக்கு மேல் ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, கழுத்தில் பக்கத்து வீட்டுப் பையனிடம் வாங்கிய பைனாகுலர். வாசலில் கூட்டமே இல்லை. மலைமேல் ஏற்றிப் போகிற வனத்துறை பஸ்களும் இல்லை. கேட்டில் சங்கிலி, பக்கத்தில் ஒரு பலகை. பர்மிஷன் என்று எங்களிடம் கொடுத்திருந்த தாளை நீட்டினேன். காவலர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். சீல் இல்லை, எண் இல்லை, கையெழுத்து மட்டும் யாருடையதோ. "இது எங்க ஆபீஸ்ல கொடுத்ததே இல்லம்மா" என்றார் நல்ல தமிழில். அப்புறம் அப்பாவைப் பார்த்து, "குட்டி போடுற நேரம் ஐயா. ஏப்ரல்ல வாங்க" என்றார்.

அப்பா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "பிரசவமான வீட்டுக்குள் நாமே ஆளை விட மாட்டோமே" என்று சொல்லிவிட்டு வேனில் போய் உட்கார்ந்தார். பைனாகுலரை மட்டும் கழற்றவில்லை, ஊர் வரும் வரைக்கும். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

திரும்பி வந்த பிறகுதான் அந்த விளம்பரத்தை வரி வரியாகப் படித்துச் சரிபார்த்தேன். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூப்பது. அந்த மலையில் கடைசியாகப் பூத்தது 2018-இல், இனி 2030. அவர் போட்டது பழைய படம். ஆனைமுடி 2,695 மீட்டர், தென்னிந்தியாவிலேயே உயரமான சிகரம், அதன் உச்சிக்குச் சுற்றுலாப் பயணிகளை விடுவதே கிடையாது. பூங்கா திறந்திருந்தாலும் 97 சதுர கிலோமீட்டரில் நமக்குக் காட்டுவது ராஜமலைப் பகுதி மட்டும்தான். அதுவும் வாசலில் நம் வண்டியை நிறுத்திவிட்டு வனத்துறை பஸ்ஸில் போய், தார்ச் சாலையில் கொஞ்ச தூரம் நடப்பது. அதற்குச் சீட்டைப் பூங்காவின் இணையதளத்தில் நாமே நம் பெயரில் எடுத்துக்கொள்ளலாம். இடையில் ஆளே தேவையில்லை.

'இ-பாஸ் செலவு' என்று தலைக்கு 300 ரூபாய் வேறு கணக்கில் எழுதியிருந்தார். இ-பாஸ் என்பது 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்ற உத்தரவின்படி வந்த வண்டி அனுமதிச் சீட்டு. மூணாறுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஊட்டிக்குப் போனாலும் அதற்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது.

பணம் போனதைவிட எனக்குப் பயம் வேறு விஷயத்தில். 'ஸ்பெஷல் பர்மிஷன்' என்ற பேச்சை நம்பி, வாசலில் யாரும் தடுக்காத ஒரு பாதை வழியாக எங்களை மலைக்குள் கூட்டிப் போயிருந்தால்? நாங்கள் கடந்து போன போடிக்குப் பக்கத்தில்தான் குரங்கணி. 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதுவும் இதே காய்ந்த மாசி மாதம்தான். மலையேறியே ஆக வேண்டும் என்கிற பிள்ளைகள் தமிழ்நாடு வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் பதிவு செய்து, அவர்கள் அனுப்பும் வழிகாட்டியோடு போகட்டும். காட்டுத்தீ காலத்தில் அவர்களே நிறுத்தி வைத்துவிடுவார்கள். அந்த மாதங்களில் 'நான் கூட்டிப்போகிறேன்' என்று எவர் சொன்னாலும் அவர் வண்டியில் ஏறாதீர்கள்.

பணத்தைக் கேட்டதற்கு, "பூங்கா மூடினது என் கையிலயா இருக்கு அக்கா? அடுத்த ட்ரிப்ல கழிச்சுக்கலாம்" என்றார். நான்கு நாள் நச்சரித்த பிறகு 9,000 ரூபாய் வந்தது. அப்புறம் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். விளம்பரம், ஜிபே ரசீது, அந்தத் தாள், பூட்டிய கேட்டின் முன் எடுத்த படம் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து, பதிவுத் தபாலில் அவருக்கு ஒரு கடிதமும் அனுப்பியிருக்கிறேன். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. அது முடியும் வரை அவர் பெயரை இங்கே போடவில்லை.

ஆனால் ஒன்று கேள்விப்பட்டேன். மாசி மகம் முடிந்ததும் வலங்கைமான் பக்கத்திலிருந்து இதே விளம்பரத்தோடு இன்னொரு வேன் கிளம்புகிறதாம். அதில் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பெயர் கொடுத்திருந்தால், கிளம்பும் தேதியைக் கேட்டு வாங்கி, பூங்கா திறந்திருக்கிறதா என்று நீங்களே இணையதளத்தில் பாருங்கள். மிச்சப் பணத்தைக் கட்டாதீர்கள். கட்டிய பணத்தை எழுத்து மூலமாக, வாட்ஸ்அப்பிலாவது, இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.